டேங்க் மூடியில் வைத்த அரக்கு

நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் பழைய லோரி, நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டால் குலுங்கத் தொடங்கியது.
2. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்று அப்பா முடிவு செய்தார்.
3. பெட்ரோலைத் திருடிவிட்டு ஈடுகட்டக் கலந்தவர் மாமா என்றும் முடிவு செய்தார்.
4. டேங்க் மூடிக்கு அரக்கு முத்திரை வைத்தார்.
5. அதன் பிறகு லோரி வழியில் நிற்கவும் தொடங்கியது.
6. மாமாவைக் கவனிக்க என்னை அனுப்பினார்.
7. நான் ஒரு வரியைப் பாதி மட்டும் எழுதினேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவாட்டர்ஸில் எங்களோடு இருந்தார். ஒரு தோட்டத்து துரை ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற லோரியை அப்பா வாங்கியிருந்தார். அதை ஓட்டியவர் மாமா. காலையில் வெறும் வண்டியாகக் கிள்ளானுக்குப் போகும், மாலையில் வெங்காய மூட்டைகளோடு திரும்பும். எனக்கு அப்போது பத்து வயது.

அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் கிராணி. பேரேடு எழுதுவதும், பைகளுக்கு அரக்கு வைப்பதும், வந்து சேர்ந்த மூட்டையில் எது குறைகிறது என்று பார்ப்பதும்தான் அவர் வேலை. அதை அவர் நன்றாகச் செய்தார். எந்தப் பொருளும் தானாகக் குறையாது, யாரோ குறைக்கிறார்கள் என்பது அவருக்கு அங்கே படிந்த எண்ணம்.

லோரியின் நோய் இதுதான். ஓடும்போது பெரிதாகக் குறை தெரியாது. நிறுத்தி வைத்தால் மட்டும் எஞ்சின் இரண்டு துடிப்பு ஒழுங்காகத் துடித்து, மூன்றாவதில் தடுக்கும். வண்டி முழுவதும் உதறும். மாமா குனிந்து கேட்டுவிட்டு, “எங்கயோ காத்து புகுதுங்க மச்சான்” என்றார். காற்றின் மேல் பழி போட்டால் காற்று வந்து மறுக்கப் போவதில்லை என்று அப்பா அன்று மாலை அம்மாவிடம் சொன்னார். புகையில் தமக்கு மண்ணெண்ணெய் வாடை வந்ததாகவும் சொன்னார். நானும் போய் முகர்ந்தேன். எனக்கும் வந்ததுபோலவே இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அப்பாவே டேங்கை நிரப்பினார். டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கினால் மூடி தெரியும். மூங்கில் குச்சியை விட்டு அளந்தார். மூடியைத் திருகி, குறுக்கே நூல் கட்டி, அதன்மேல் அரக்கு ஊற்றினார். மெழுகுவர்த்தியை வண்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டதால், அடுப்பங்கரையில் அம்மாவின் கரண்டியில் உருக்கிக்கொண்டு ஓடிவந்தார். அப்படிக் கேட்டுக்கொண்டதில் என்ன சூது இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்தார். ஆபீஸ் முத்திரையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்து, அதன் மூடியிலிருந்த தாமரையை அரக்கில் அழுத்தினார். பிறகு சிமிழைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மா காகிதப் பொட்டலத்திலிருந்து குங்குமம் இட்டுக்கொண்டாள். அவள் சிமிழே அவள் தம்பிக்குக் காவலானது.

அன்றே லோரி வழியில் நின்றது. கிள்ளான் போய்ச் சேருவதற்குள் பல தடவை. இனிமேல் திருட வழியில்லாததால் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்றார் அப்பா. பள்ளி விடுமுறை வந்தது. என்னிடம் ஒரு நோட்டும் தம் கைக்கடிகாரமும் கொடுத்து, வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மாமா என்ன செய்கிறார் என்று எழுதி வரச் சொன்னார். யாரும் எனக்கு அவ்வளவு முக்கியமான வேலை கொடுத்ததில்லை.

“சின்னக் கிராணி வந்தாச்சா? ஏறுங்க, ஏறுங்க” என்றார் மாமா. நான் சிரிக்கவில்லை. சந்தேகத்துக்குரியவரோடு சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பங்சார் தோட்டத்து ரப்பர் மரங்கள் தொடங்குவதற்குள்ளேயே முதல் தடவை நின்றது. மாமா கீழே இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சுழற்றினார், ஓடியது. சற்றுத் தூரத்தில் மறுபடி நின்றது. மைல்கல்லையும் நேரத்தையும் குறித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது தடவை, பத்து தீகா என்ற ஊருக்கு முன்னால், மாமா மரத்தடிக்குப் போகவில்லை. இருக்கையைத் தூக்கினார். டேங்கில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அரக்கின் மேல் விரலை வைத்துத் தடவினார். நான் பென்சிலை எடுப்பதைப் பார்த்தார்.

“எழுதிக்கம்மா. தொட்டாரு, ஆனா தொறக்கல. ரெண்டையும் எழுதிக்க.”

‘மூடியைத் தொட்டார்’ என்று எழுதினேன். மாமா என்ன செய்கிறார் என்பதைத்தான் அப்பா கேட்டிருந்தார். செய்யாததை எழுதுவது என் வேலை இல்லை என்று நினைத்தேன். சந்தேகத்துக்குரியவர் சொல்லச் சொல்ல எழுதினால் அது என்ன நோட்டு?

மாலையில் அப்பா அதை உரக்கப் படித்தார். ஆறாவது நிற்றலுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாமா ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமா மச்சான். தொட்டேன்” என்றார் மாமா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

முத்திரைதான் அப்படியே இருக்கிறதே என்றாள் அம்மா. சூடான கத்தியால் அரக்கைச் சேதமில்லாமல் தூக்கி, மறுபடி ஒட்டும் ஆட்களைத் தாம் பார்த்திருப்பதாக அப்பா விளக்கினார். “ஒடையாத சீலத்தான் மொதல்ல சந்தேகப்படணும்” என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாமே வண்டியில் வரப்போவதாகவும், டேங்கில் குறையோ கலப்போ இருந்தால் மாமா இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டாம் என்றும் சொன்னார். திருட்டுப் பட்டத்தோடு போகும் ஓட்டுநரை வேறு யார் வைத்துக்கொள்வார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் அம்மா மூன்று பேருக்குச் சோறு கட்டினாள். யாரும் கேட்காமலேயே மாமாவின் சட்டைகளையும் மடித்து ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தாள்.

அன்றும் பங்சார் பக்கமே வண்டி நின்றது. அப்பா இறங்கி, இருக்கையைத் தூக்கி, அரக்கிலிருந்த தாமரையைக் குனிந்து உற்றுப் பார்த்தார். பேனாக்கத்தியால் அரக்கை உடைத்தார். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையின் மறுபக்கம் நின்றார். அப்பா மூடியைத் திருகியதும் டேங்க் ‘உஸ்’ஸென்று நெடுநேரம் மூச்சு இழுத்தது. அப்பா கையை எடுத்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குப் பார்சல் ஆபீசில் பெயர் இல்லை.

குச்சியை விட்டு அளந்தார். பெட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முகர்ந்தார், வெறும் பெட்ரோல்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணட்டுங்களா மச்சான்?”

முதல் சுழற்றலிலேயே ஓடியது. அப்பா மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் காற்று போய்வர ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதில் சிவப்பு அரக்கு. என் சட்டையிலிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, அதைக் குத்தி எடுத்தார். நேரம் பிடித்தது.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

“மூடியத் தொறக்கணும்னு நானே சொல்லியிருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?”

அப்பா ஊக்கைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

கிள்ளான் வரை வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அங்கே ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நடத்திய பட்டறையில் குலுக்கலையும் காட்டினோம். அவர் எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டரிலிருந்து வரும் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தைச் சுற்றி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் சொட்டு உள்ளே உறிஞ்சப்பட்டது. குலுக்கல் ஒரு நொடி நின்றது. “அங்கின் மாசுக்” என்றார். மலாயில், காற்று புகுகிறது. மாமா முதல் நாளே சொன்னது. அப்பா பட்டறைக்கு வெளியே போய் மழை வருமா என்று பார்த்தார்.

அந்தத் தகரப் பெட்டி இரண்டு வாரம் கழித்து வீட்டை விட்டுப் போனது. பந்திங்கில் ஒரு தோட்டத்து லோரி ஓட்டும் வேலை கிடைத்திருப்பதாக மாமா சொன்னார். இருக்கச் சொல்லி அப்பா ஒரு தடவை சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது நிறையத் தடவை.

இன்று நான் ஒரு பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறேன். கண்ணாடிக் குழாயின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே இருக்கும் திரவம் கீழே இறங்காமல் நிற்கும், துளையை அரக்கு அடைத்த டேங்கின் பெட்ரோல்போல. இதை ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறேன். அந்த நோட்டை இப்போது படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. டேங்க் நிறைந்திருந்தபோது நிற்றல்கள் நெருங்கி நெருங்கி. டேங்கில் இடம் கூடக் கூட அவை தள்ளித் தள்ளி. திருடனுக்கு அப்படி ஒரு ஒழுங்கு இருக்காது. மைல்கற்களைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்று மாமா என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்ததை, அகப்பட்டுக்கொண்டவரின் மௌனம் என்றுதான் நினைத்தேன். ‘தொறக்கலன்னும் எழுதச் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், அப்பாவின் பார்வை என் பக்கம் திரும்பியிருக்கும். பத்து வயதில் அது எனக்குத் தோன்றவில்லை.

இப்போதைய நிலவரம்: லோரி பழைய இரும்புக்குப் போய்விட்டது. சிமிழ் அம்மாவிடம் திரும்பிவிட்டது. தாமரையின் இடுக்கில் இன்னும் கொஞ்சம் அரக்கு இருக்கிறது. மாமா தீபாவளிக்கு வருவார், சாப்பிடுவார், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். என்னை இன்னும் சின்னக் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார். நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. ஆறாவது நிற்றலுக்கு எதிரே, ‘மூடியைத் தொட்டார்’ என்று மட்டும் இருக்கிறது.