நான் நிறுத்திய ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் அறிவிப்பார். இத்தனை வருஷத்தில் யாரும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. திறந்த புண்ணியவதி நான் ஒருத்திதான். அதுவும் என் சொந்தத் தங்கை மகளுக்கு.

கல்யாணப் புடவை எடுக்க நாங்கள் மூன்று பேரும் தி.நகர் போயிருந்தோம். பெண் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கப் போன நேரத்தில், தங்கை என் காதருகே வந்தாள்.

"அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். யாராண்டயும் சொல்லிடாத. இவ எங்க ஆதம்பாக்கம் ஜெபக்கூடத்துல தண்ணியில முங்கி மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டா. சபைக்குத் தெரிஞ்சா நம்ம ஆலயத்துல கல்யாணம் நடத்த மாட்டாங்க. நம்ம அம்மா அப்பா கல்யாணத்துக்கு நின்ன எடத்துல இவளும் நிக்கணும். எனக்கு வேற ஆசையே இல்லக்கா. ஜெபம் பண்ணிக்கோ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கைக்குழந்தையாக இருந்த அவள் மகளை ஏந்திக்கொண்டு மயிலாப்பூர் ஆலயத்தில் ஞானஸ்நானத்துக்கு நின்ற ஞானத்தாய் நான். பெண் திரும்பி வந்ததும் கடையென்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். "அப்போ நான் உன்னைத் தூக்கிக்கிட்டு நின்னது என்னடி?"

"எனக்கு விவரம் தெரியாதப்போ செஞ்சது பெரிம்மா அது. அதை ஞானஸ்நானம்னு என்னால சொல்ல முடியல. கோச்சிக்காதீங்க," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நேரே ஆயர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சத்தியத்துக்காகச் சொல்கிறேன் என்று எனக்கே கதை விட்டுக்கொண்டேன். சத்தியமாவது மண்ணாவது, வெறும் ரோஷம். பாவம் அந்த ஆயர், தலையில் கை வைத்துக்கொண்டார். பெண் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும், மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பினார். என் விசுவாசத்துக்கு நான் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று பெண் மறுத்துவிட்டாள். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

அதற்குள் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. அவசரத்துக்கு வடபழனியில் ஒரு மண்டபம்தான் கிடைத்தது. ஆலயத்தின் பெயர் மறைகிற மாதிரி மண்டபத்தின் பெயர் அச்சிட்ட துண்டுச் சீட்டை ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒட்ட வேண்டும். "வாயேன்க்கா, ஒத்தாசைக்கு," என்று தங்கை போன் செய்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போனேனோ, போனேன்.

தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் ஒட்டினோம். "முழுக்கு எடுத்தப்போ எவனோ வீடியோ புடிச்சி வாட்ஸ்அப்ல போட்டுகிறான்க்கா. அதைப் பாத்துட்டுத்தான் யாரோ ஆயராண்ட போட்டுக் கொடுத்துட்டாங்க," என்றாள் தங்கை. என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. "விடும்மா, மண்டபத்துல மட்டும் ஆண்டவர் வரமாட்டாரா?" என்று மகள்தான் அவளைத் தேற்றினாள். நான் தலை குனிந்துகொண்டு ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசிப் பத்திரிகையும் முடிந்தது. தங்கை பசை காயாத விரல்களால் ஒரு பக்கம் என் கையையும் மறுபக்கம் மகள் கையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எங்களைப் போட்டுக் கொடுத்தவங்க யாரா இருந்தாலும் மன்னிச்சிடும். அவங்க வீட்டுக்குச் சமாதானம் குடும். சபைக்கும் எங்களுக்கும் நடுவுல கசப்பு வேணாம்ப்பா. இந்த நேரத்துல என் அக்காவை என் பக்கத்துல உக்கார வெச்சீரே, அதுக்கு ஸ்தோத்திரம்."

அவள் இன்னும் என் கையை விடவில்லை. நான்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஆமென் என்றுதான் வந்தது.