படிவத்தில் நான் எழுதிய சொல்

அறுபதுகளின் நடுப்பகுதி. மாத்தளை நகருக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் புது டீச்சர். பயிற்சி முடித்து வந்த தலைக்கனம் இறங்காத காலம். தெரியாததையும் தெரிந்த மாதிரியே பேசுவேன்.

என் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கேட்டதற்குப் பதில் வராது. மைப்போத்தல் மூடியை மேசையில் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வாய் பேசாத, காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று தலைமையாசிரியரிடம் அடித்துப் பேசி, நானே படிவம் வாங்கி, அவள் அம்மாவை வரச் சொன்னேன்.

கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தார் அந்தத் தாய். "ஊமையெல்லாம் இல்லீங்க டீச்சர். காலையில ஆளுங்களை வேலைக்குக் கூப்பிடப் பெரட்டுத் தப்பு அடிச்சா காதைப் பொத்திக்கிறா. கங்காணி எங்களை ஏசுறதை, அந்தியில வீட்டுல அதே கொரல்ல ஏசுறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் ஒரு பேச்சா? ஊமைன்னு போட்டாத்தான் அங்க எடுப்பாங்க" என்று அதட்டிவிட்டு, 'ஊமை, செவிடு' என்று எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார்.

தாயும் மகளும் படியிறங்கும்போது கேட்டது. "ஊமைன்னு போட்டாத்தான் அங்க எடுப்பாங்க." சிறுமிதான். என் குரல், என் அதட்டல், அப்படியே.

தாயின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா டீச்சர்!"

படிவம் இன்னும் என் கையில்தான் இருந்தது. அப்போதே அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். ஆனால் எழுதியதை மாற்றினால், தலைமையாசிரியரிடம் அடித்துப் பேசிய என் மானம் என்னாவது? மறுநாள் தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து அந்தத் தாய் மகளை விடுதியிலிருந்து திரும்பக் கூட்டிவந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அங்க பிள்ளைங்க எல்லாம் கையாலதான் பேசிக்குதுங்க. இவ யாரு கையையும் பாக்கலையாம். காதுல விழ ஒரு பேச்சும் இல்ல. இப்ப கங்காணி மாதிரியும் ஏசுறதில்லீங்க."

மூடியைச் சுழலவிட்டுக் காட்டினேன். அவள் அதைக்கூடப் பார்க்கவில்லை.

'ஆட்டிசம்' என்ற சொல்லை நான் படித்தது, ஓய்வு பெற்ற பிறகு ஒரு சஞ்சிகையில். அத்தகைய பிள்ளைகள் சிலர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள், அதுவும் பேச்சின் ஒரு வழிதான் என்றிருந்தது. அந்தத் தாய் எனக்குச் சொன்னதும் அதைத்தானே. நான் ஊமை என்று எழுதிய அன்று அவள் ஊமையாக இருக்கவில்லை. எழுதி அனுப்பி, நான்தான் அவளை ஊமையாக்கினேன்.