திரும்பி வராத மடல்

இது நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை. பேய் என்று கேட்டதும் வாய் பிளக்கும் கூட்டத்தைக் கண்டாலே எனக்கு இளக்காரம். என் வேலை கம்ப்யூட்டர். அதில் பேய்க்கு இடமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

துனிசியாவில், ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால், ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். முதலாளி லஸ்அத். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டிவைக்கிற மேதை. மற்றவர்கள் அவரைவிட ஒரு படி கீழே. பிரிண்டரில் காகிதம் தீர்ந்தால் வைரஸ் வந்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

ஜூலை மாதம். கோடையில் இரண்டு மணிக்கே ஆபீஸ் காலி. அன்று வெளியே பாலைக்காற்று. வானமே செம்மண் நிறம். எல்லோரும் போனபின் கணக்குப் பிரிவு மோனியா அக்கா என் அறைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது. விதவை. அவள் புருஷன் ஷாத்லி துறைமுகத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை.

"வஜ்தி தம்பி, ஒரு உதவி."

"பிரிண்டரா?"

"இல்லப்பா. அவரு கடை அட்ரஸுக்கு நான் அப்பப்போ மெயில் போடுவேன். எப்பவும் திரும்பி வந்துடும். இந்த வாரம் போட்டது எதுவும் வரல."

எனக்குச் சிரிப்பு. செத்தவனுக்குக் காதல் கடிதம்! கடை போய், பணம் கட்டாமல் அந்த அட்ரஸின் பின்பாதிப் பெயரும், அதாவது டொமைனும், காலாவதியாகியிருக்கும். எவனோ அதை வாங்கி, வருகிற மெயிலையெல்லாம் அள்ளுகிறான். வேறென்ன?

"எவனோ திருட்டுப்பய, அக்கா. யாருன்னு இப்பவே காட்டுறேன்."

பைத்தான் மொழியில் நாலு வரி புரோகிராம். அவ்வளவுதான். ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை எந்தச் சர்வர் வாங்கிக்கொள்ளும் என்று இணையத்தில் குறித்து வைத்திருப்பார்கள். சர்வரின் பெயர், அதற்கு முன்னால் ஓர் எண். எண் எவ்வளவு சின்னதோ, அந்தக் கதவை அவ்வளவு முன்னதாகத் தட்ட வேண்டும்.

ஓட்டினேன்.

'அப்படி ஒரு டொமைனே இல்லை' என்று வந்தது.

"பாருங்க. டொமைனே கிடையாது. இப்ப ஒண்ணு போடுங்க, ரெண்டு நிமிஷத்துல திரும்பி வரும்."

போட்டாள். மணி 2:40. எங்கள் மெயில் சர்வர் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. அதன் பதிவைத் திறந்தேன்.

'பெறப்பட்டது.'

பெறப்பட்டதா? யார் பெற்றார்கள்?

மறுபடி ஓட்டினேன். இந்த முறை ஒரு வரி வந்தது.

50. பெயர், பஹ்ர். அரபியில் கடல்.

"வெட்டிப் பயலுக யாரோ விளையாடுறாங்க" என்றேன்.

மறுபடி.

40. மீனா. துறைமுகம்.

இணையத்தில் அந்தக் குறிப்பை யாராவது மாற்றினாலும் பரவ நேரம் பிடிக்கும். அரை நிமிஷத்தில் மாறாது. எனக்குத் தெரியும். அதுதான் வினை... தெரிந்திருந்தது.

"போதும் தம்பி. மூடு."

"இருங்கக்கா. இவனைப் பிடிக்காம விடமாட்டேன்."

30. தெரு.

ஜன்னல் கண்ணாடியில் மணல் உரசியது. கீழே தெருவில் ஒரு நாய் குரைத்தது. சட்டென்று நின்றது.

என் விரல் தானாகவே அழுத்தியது.

20. மாடிப்படி.

பச்... பச்...

ரப்பர் பூட்ஸ். யாரோ ஏறி வருகிற சத்தம். அவசரமே இல்லாமல்.

காவலாளி என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் போடுவது பிளாஸ்டிக் செருப்பு.

அக்காவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஷாத்லியோட பூட்ஸ்..."

"மூணு வருஷமா அவருக்கு என்னதான் எழுதுனீங்க?"

"ஒரே வார்த்தை."

"என்ன?"

"வராதே."

பச்... பச்...

"அடிச்சே கொன்னிருப்பான் தம்பி. மெயில் திரும்பி வந்தா அவன் இல்லைன்னு அர்த்தம். அன்னிக்கு ராத்திரி தூங்குவேன்."

திரையைப் பார்த்தேன். நான் எதையும் அழுத்தவில்லை. சத்தியம்.

10. கதவு.

சத்தம் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம்.

அக்கா குனிந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

கதவையே பார்த்தோம் நாங்கள்.

கைப்பிடி... அசையவில்லை.

அசையவே இல்லை.

நான்கு மணிக்கு மசூதியில் அஸர் பாங்கு கேட்டபின்தான் கதவைத் திறந்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. சினிமாவாக இருந்தால் ஈரக் காலடி இருந்திருக்கும், பாசி ஒட்டியிருக்கும். இங்கே ஒரு மண்ணும் இல்லை. காய்ந்த தரை. பின்னே எதைக் கண்டு நடுங்கினேன் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

மோனியா அக்கா வேலையை விட்டாள். கடலே எட்டாத கஃப்ஸாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். லஸ்அத், "கல்யாணம் பண்ணிக்கப் போறாளோ?" என்று கண்ணடித்தார். அவருக்கு எட்டியது அவ்வளவுதான். மற்ற அறிவாளிகள் வெயில் என்றார்கள், மனப்பிராந்தி என்றார்கள். எவனோ இணையத்தில் எங்கிருந்தோ செய்த குறும்பு என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் தூக்கமும் வந்தது.

பத்து நாள் கழித்து லஸ்அத் கத்திக்கொண்டு வந்தார்.

"வஜ்தி! அன்னிக்கு அரை நாள் நெட் இல்லாததுக்கு அந்தக் கம்பெனிக்காரன் காசைத் திருப்பித் தருவானா மாட்டானா? கேட்டு எழுது!"

"என்னிக்கு?"

"மணல் காத்து அடிச்சதே, அன்னிக்குத்தான். தெருவைத் தோண்டுன கழுதைங்க கேபிளை வெட்டிட்டானுங்க. ரெண்டு மணிலேருந்து ராத்திரி ஏழு வரைக்கும் இந்தக் கட்டடத்துக்கே லைன் இல்ல. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அன்று இரண்டு மணிக்கு மேல் நான் வேறெதையும் திறக்கவில்லை.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆமாம், இரண்டிலிருந்து ஏழு வரை, என்றான். அந்த நேரத்தில் என் கேள்வி எதுவும் வெளியே போயிருக்க முடியாது. பதிலும் வந்திருக்க முடியாது.

சர்வருக்குப் போய் அந்த வரியை மறுபடி பார்த்தேன். 2:40. மோனியா அக்காவின் மெயில். பெறப்பட்டது.

அது இந்தக் கட்டடத்தைத் தாண்டவே இல்லை. உள்ளே இருந்துதான் யாரோ வாங்கியிருக்கிறார்கள்.