ஜெஸியின் தோளில் ஒரு கிலோ

2011 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு. வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. வடசேரிச் சந்தையில் வாங்கிய ஏத்தன் வாழைக்காய் பழுத்துவிட்டதால் காலைக்கு அதையே அவித்தேன். 8.30 ஆராதனை. பிரசங்கம் 42 நிமிடம். வீடு திரும்பியது 11.15.

வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்கு என் டைரி புதிதல்ல. எதுவும் விடுபடாது. அடித்தல் திருத்தலும் இருக்காது. ஆனால் அன்றைய பக்கத்தின் அடியில், பேனா அழுந்திய ஒரு வரி கிடக்கிறது: "அந்தச் சீட்டை நான் எழுதியிருக்கக் கூடாது."

என்ன சீட்டு? சொல்கிறேன். அதற்கு முன் ஜெஸியைச் சொல்ல வேண்டும்.

ஜெஸி என் தங்கை. வயது 39. அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பிள்ளைகள். கணவர் மஸ்கட்டில். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "பேர மாத்திரு யக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "மாத்தாண்டாம். சபையில உள்ள அத்தன பேருக்கும் தெரியும். இனி யாருக்கு மறைக்க?" என்றாள். சபைக்குத் தெரிந்தது என்னால்தான்.

ஜெஸிக்குச் சின்ன வயதிலிருந்தே கனத்த மார்பு. பிள்ளைகள் பிறந்த பிறகு இன்னும் கூடியது. கழுத்து வலி, தோள் வலி, வெயில் காலத்தில் மார்பின் அடியில் புண். கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் விரல்கள் மரத்துப் போகும். அதனால் அவள் எழுதுகிற கணக்கெல்லாம் பலகையின் நடுவில்தான் தொடங்கும். எட்டு வருடமாக எண்ணெய், ஒத்தடம், பிசியோதெரபி, பெல்ட், தலையணை மாற்றம்... எல்லாம் பார்த்தாயிற்று. வலி மட்டும் மாறவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை திருவனந்தபுரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். பிளாஸ்டிக் சர்ஜன். ஸ்கேன் எல்லாம் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டார். பிறகு ஒரு தாளில் மூன்று படம் வரைந்தார்.

முதல் படம், லிஃப்ட். தளர்ந்த தோலை எடுத்து, மார்பைத் தூக்கித் தைப்பது. தழும்பு குறைவு, ஆனால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். இரண்டாவது, ரிடக்ஷன். உள்ளிருக்கும் சதையையே வெட்டி எடுத்துக் குறைப்பது. தழும்பு நங்கூர வடிவத்தில் வரும். காம்பில் உணர்ச்சி குறையலாம். மூன்றாவது, சின்னத் துளை போட்டுக் கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுப்பது. தழும்பு தெரியவே தெரியாது. ஆனால் ஜெஸிக்குக் கொழுப்பு குறைவு, சுரப்பிச் சதைதான் அதிகம். பெரிய பலன் இருக்காது என்றார். இங்கே பலர் பெரிதாக்கக் கேட்டு வருவார்கள், குறைக்கக் கேட்டு வந்தால் எனக்கும் ஒரு மாற்றம்தான் என்று சிரித்தார்.

"எது வேணும்னு நிங்ஙள் தீருமானிக்கணும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள்ள போன் விளிச்சுச் சொல்லுங்க" என்றார். காலாண்டு லீவில் செய்வதானால் ஆபரேஷன் தியேட்டருக்கு அப்போதே எழுதி வைக்க வேண்டுமாம்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புத்தகங்களுக்கு எண் போட்டு அட்டை எழுதுகிறவள். கட்டம் போட்டால்தான் எனக்கு எதுவும் விளங்கும். பலன் இருக்காது என்ற மூன்றாவதை விட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் அன்று மாலையே ஒரு அட்டவணை தயார். தழும்பின் நீளம், மயக்கம் கொடுக்கும் நேரம், ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், லீவு எத்தனை நாள், உணர்ச்சி குறையுமா... மொத்தம் ஏழு வரி. ஏழில் ஐந்தில் லிஃப்ட் ஜெயித்தது. மஸ்கட்டிலிருந்து ஜெஸியின் கணவரும் போனில் அதையேதான் சொன்னார்: தழும்பு குறைவானது எதுவோ அது.

ஜெஸி அட்டவணையைப் பார்த்தாள். "பரிட்ச பேப்பர் திருத்தினது போல இருக்கு யக்கா" என்றாள். அவ்வளவுதான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது சீட்டு.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். விசா கிடைக்க, பரீட்சை எழுத, ஆபரேஷன் நல்லபடியாக முடிய... யாருக்கு என்ன வேண்டுதலோ, அதைச் சீட்டில் எழுதிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். சபை சேர்ந்து ஜெபிக்கும்.

சனிக்கிழமை ஜெஸி, "எனக்கும் ஒண்ணு எழுதிப் போடு யக்கா. ஒரு ஆபரேஷன்னு மட்டும் எழுது, கேட்டியா. எங்கன்னு எழுதாண்டாம்" என்றாள்.

என் கை கேட்கவில்லை. 'ஒரு சகோதரியின் ஒரு பிரச்சினைக்காக' என்று பிறர் எழுதுகிற சீட்டுகளைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். தலைப்பே இல்லாத புத்தகத்துக்கு நான் எப்படி அட்டை எழுத? ஆண்டவருக்கானாலும் விவரம் விவரம்தானே?

எழுதினேன்: "ஜெஸி. மார்பக அறுவை சிகிச்சை. எந்த முறை என்று தீர்மானிக்க ஞானம் வேண்டி."

உபதேசியார் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். ஆனால் 'மார்பக' என்பதற்குப் பிறகு யார் காதிலும் எதுவும் விழவில்லை. பெண்கள் பக்கம் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது எனக்குக் கேட்டது. எனக்கு முன்வரிசையில் ஜெஸியின் பின்கழுத்து மெல்லச் சிவந்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆறு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"புத்துநோயின்னு நெனச்சு அழுகாவ யக்கா. இல்லன்னு சொன்னா என்ன நெனப்பாவ? ஒண்ணும் இல்லாதவ எதுக்கு அறுக்கப் போறான்னு கேப்பாவ. ஆபரேஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாளக்கி காலத்த நீயே போன் பண்ணி கேன்சல் பண்ணிரு."

எட்டு வருட வலி. என் ஒரு சீட்டு.

மாலை 4.05-க்கு வாசல் மணி அடித்தது. பெண்கள் சங்கத் தலைவி ஸ்டெல்லா மாமி, கையில் ஹார்லிக்ஸ். கூடவே பாடகர் குழுவில் ஆல்டோ பாடும் லில்லி அக்கா. லில்லி அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். சபையில் எல்லோருக்கும் அவள் அக்கா. மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோயில் இடது மார்பை எடுத்தவள். அவளைப் பார்த்ததும் ஜெஸியின் முகம் இன்னும் சுருங்கிவிட்டது.

மாமி உட்கார்ந்ததும், "மக்களே, பயப்படாத. இப்பம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. எத்தனாவது ஸ்டேஜுன்னு சொன்னாவ?" என்றார்.

ஜெஸி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

லில்லி அக்கா கைப்பையிலிருந்து செய்தித்தாளில் பொதிந்த ஒன்றை எடுத்தாள். பிரித்தால், வெள்ளைத் துணியில் தைத்த ஒரு சின்னப் பை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிந்து இருந்தது.

"எடுத்த பக்கத்துக்கு வைக்க இது நானே தச்சது. உனக்கு இதவிட அளவு கூட வேணும், நான் தச்சுத் தாறேன். மொதல்ல பஞ்சுதான் வச்சேன். பஞ்சு சொன்னபடி கேக்காது மக்கா, மேல ஏறி வந்திரும். ஒருக்கா பாடிட்டு இருக்கும்போ கழுத்துகிட்ட வந்து நிக்கு."

மாமி சிரித்துவிட்டார். "நான்தான பாத்தேன். பாடிட்டு நின்னவ திடீர்னு பாட்டுப் புஸ்தகத்த நெஞ்சோட அணச்சுகிட்டா. என்ன பக்தின்னு நெனச்சேன்."

"அதுக்குப் பொறவு கடுகு வச்சேன்" என்றாள் லில்லி அக்கா. "கனம் வேணும் பாத்துக்க. ஒரு பக்கம் கனம் இல்லன்னா தோள் சாஞ்சிரும்."

ஜெஸியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "லில்லியக்கா, எனக்குப் புத்து இல்ல" என்றாள். "ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. இது... பெருசா இருக்கதினால. கொறைக்கதுக்கு."

மாமி கையிலிருந்த ஹார்லிக்ஸை மேஜையில் வைத்தார்.

மாமிதான் முதலில் பேசினார். குரலில் இருந்த ஈரம் காய்ந்திருந்தது. "அப்பம் சும்மா அழகுக்கா? கர்த்தர் தந்த உடம்பில ஒண்ணும் இல்லாம யாராவது கத்தி வைப்பாவளா?"

"கர்த்தர் தந்த பல்ல நீங்க போன வருசம் புடுங்கி செட்டு வச்சியளே மாமி?" என்றாள் லில்லி அக்கா.

"அது வலிச்சுதுட்டீ."

"இவளுக்கு வலிக்கான்னு நீங்க கேக்கவே இல்லியே." பிறகு ஜெஸியிடம், "தோளக் காட்டு மக்கா" என்றாள்.

ஜெஸி சேலையையும் ஜாக்கெட்டையும் கொஞ்சம் விலக்கினாள். பிராவின் பட்டை தோளில் வெட்டிய பள்ளம், கறுத்துப் போய். லில்லி அக்கா அதில் ஆள்காட்டி விரலை வைத்தாள். விரல் அதில் அடங்கியது.

"எத்தன எடுக்கலாம்னு சொன்னாவ?"

"ரெண்டு பக்கமும் சேத்து ஒரு கிலோகிட்ட."

லில்லி அக்கா கடுகுப் பையை எடுத்து ஜெஸியின் உள்ளங்கையில் வைத்தாள். "இது கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. வீட்டுக்குப் போனா எனக்க மொத வேல, இதக் கழத்தி அலமாரியில வைக்கதுதான். அம்மாடின்னு இருக்கும். நீ வீட்டுக்குப் போயி என்னத்தக் கழத்துவ?"

அந்த இடத்தில் நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் டைரியில் இருக்கிறது. எழுந்து போய் அட்டவணையைக் கொண்டுவந்தேன். லிஃப்ட்டில் தழும்பு குறைவு, மயக்க நேரம் குறைவு என்று விளக்கினேன்.

லில்லி அக்கா தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "கனம் எத்தன கொறையும்னு இதில எங்க போட்டிருக்கு?"

தேடினேன். ஏழு வரி இருந்தது. கனத்துக்கு ஒரு வரி இல்லை.

"டாக்டர் அந்த நங்கூரத்த வரைஞ்சப்பவே எனக்குத் தெரியும் யக்கா, எனக்கு அதுதான்னு" என்றாள் ஜெஸி. "நீயும் மஸ்கட்டில இருந்து அவியளும் தழும்பு தழும்புன்னு சொன்னதில நான் வாய மூடிட்டேன். தழும்பு இருந்தா நான் குளிக்கும்போ நான்தான் பாக்கப்போறேன். உணர்ச்சி கொஞ்சம் போவும்னா போவட்டும். மரத்துப் போன இந்த வெரலு திரும்பி வந்தா போதும்."

"அப்பம் கேன்சல்?" என்றேன்.

"நீ போன் பண்ணாண்டாம். நான் பண்ணுகேன்."

ஸ்டெல்லா மாமி எழுந்தார். வழக்கப்படி ஜெபித்தார், ஆனால் வழக்கத்தைவிடச் சுருக்கமாக. வாசல் வரை போனவர், மேஜையில் வைத்த ஹார்லிக்ஸைத் திரும்பிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று நினைத்தேன். "நோய் இல்லன்னாலும் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவர்கள் போன பிறகு யோசித்தேன். முட்டியை மாற்றுகிறோம், கண்ணில் லென்ஸ் வைக்கிறோம், பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம். யாரும் காரணம் கேட்பதில்லை. மார்பு என்றால் மட்டும் நம்மிடம் இரண்டே அலமாரிகள்: ஒன்று புற்றுநோய், இன்னொன்று பவுசு. நோய் என்றால் கண்ணீர், வலி என்றால் விசாரணை. இரண்டிலும் சேராதவள் தன் பள்ளத்தைத் துணியால் மூடிக்கொண்டு பஸ்ஸில் நிற்க வேண்டியதுதான்.

மாமியை மட்டும் சொல்லி என்ன? எட்டு வருடம் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவள் நான். அட்டவணை போட்டவளும் நான். அந்த ஏழு வரியும் பார்க்கிறவர்களின் கவலை. சுமக்கிறவளின் கவலை எட்டாவது வரி.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜெஸி போன் செய்தாள். என் பக்கத்தில் நின்றுதான் பேசினாள். "ரிடக்ஷன்" என்றாள், மறுமுனையில் என்னவோ கேட்டார்கள், "ஆமா, தழும்பு தெரியும்" என்றாள்.

ஆனால் 19-ஆம் தேதியின் முதல் வரி அதுவல்ல. காலை 5.10-க்கு எழுந்தேன். பால் காய்ச்சுவதற்கு முன், புழுங்கலரிசியை அரை அரைக் கிலோவாக நிறுத்து இரண்டு துணிப்பையில் கட்டி, நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டேன். அதோடு முற்றம் பெருக்கினேன், தண்ணீர் பிடித்தேன், குனிந்து பாத்திரம் தேய்த்தேன். 5.55-க்குக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

என்னால் கழற்ற முடிந்தது.