பென்சில் நுழையாத குழல்

என் நாட்குறிப்பில் ஆவணி மாத இரண்டாம் ஞாயிற்றுக்கு நேரே இருப்பது: "தம்பலகாமம். அத்தானின் துவக்கு. பத்து ரவை, ஏழு பேணி. தோளில் நோவில்லை."

யுத்தம் தொடங்கியிருந்தது. ஆனாலும் அத்தானின் வயல்கரையில் நாங்கள் வெற்றுத் தகரப் பால்பேணிகளை அடுக்கிச் சுட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் என் அக்காவின் கணவர். வெள்ளைக்காரர் காலத்து அந்த றைபிளில் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். அதற்குரிய பெருவிரல் பருமனான தோட்டா கடைகளுக்கு வருவது நின்று பல வருடங்கள். ஆகவே துறைமுகப் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற கடைசல்காரர் ஒருவர், பழைய குழலுக்குள் ஒரு மெல்லிய உருக்குக் குழாயைப் பொருத்தி, முயல் சுடும் சின்ன ரவைக்கு அதை மாற்றிக் கொடுத்தார். அந்தப் பாரமான துவக்கிலிருந்து சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம் மட்டும் வரும். அதில் எங்களுக்கு அலுக்காத சந்தோஷம்.

"யானை சுடுற துவக்கால பேணி சுடுற ஆம்பிளையள்!" என்று அக்கா பகிடி பண்ணுவார்.

"லைசென்சில பழைய அளவுதானே கிடக்கு மச்சான், மாத்த வேணுமோ?" என்று அத்தான் அன்று கேட்டார்.

"தேவையில்லை அத்தான். ஒரு திருகாணியக் கழட்டினாப் பழையபடி வந்திடும்."

எதையும் திகதியிட்டு எழுதிவைக்கும் நான்தான் அப்படிச் சொன்னேன்.

ஐப்பசியில், துவக்குகளை ஒப்படைக்கும்படி அறிவித்தல் வந்தது. அத்தானுடன் நானும் பொலிசுக்குப் போனேன். அதிகாரி லைசென்சை வாசித்தார். கையிலிருந்த பென்சிலைக் குழல்வாயில் வைத்து அழுத்தினார். நுழையவில்லை.

"இது சின்னத் துவக்கு. லைசென்சில உள்ள பெரிய துவக்கு எங்க?"

"இதுதான் ஐயா அது. உள்ளுக்கு ஒரு குழாய். கழட்டிக் காட்டுறன்."

அத்தான் துவக்கின் மேல் குனிந்தார். வாசலில் நின்ற காவலாளி தன் துவக்கை அவர் முதுகுக்கு நேரே நீட்டினான்.

"கையை எடு!"

அத்தான் கையை எடுத்தார். அதிகாரி வேறொரு தாளில் அவருடைய பெயரை எழுதிக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னார்.

கார்த்திகையில், வயலுக்குப் போன அத்தானைக் கண்டி வீதிச் சோதனைச் சாவடியில் வண்டியிலிருந்து இறக்கித் தடுத்துவைத்தார்கள். ஐந்தாம் நாள் வந்தார். வலது கையால் சோறு பிசைய ஏலாது. "மற்றத் துவக்கு எங்கையெண்டுதான் கேட்டவங்கள்" என்றார். தை பிறக்குமுன் அக்காவும் அவரும் ஊரைவிட்டுப் போனார்கள்.

பொலிசில் எழுதிய அந்தத் தாள்தான் சாவடிக்குப் போனதா, அல்லது வேறு யாரேனும் சொல்லிக் கொடுத்தார்களா என்பதை நான் இன்றுவரை உறுதிசெய்யவில்லை.