முகூர்த்தப் பக்கத்தில் கறுப்புப் பட்டு

பெரிய பேரன் சி.ஏ. முதல் குரூப் பாஸ். சின்னவன் ஜில்லா கபடி டீமில் இருக்கிறான். பேத்தி மது அரங்கேற்றம் முடித்துவிட்டாள். அவளைப் பெற்ற என் மகள் வசந்தி அமெரிக்காவில் டீம் லீட். அஞ்சாவது வரை படித்த என்னை, போனில் இப்படி நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வைத்தது இவர்கள்தான்.

அந்த டீம் லீடின் முதல் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் உதறல்தான்...

பிள்ளையார்பாளையம் வீட்டில் புது கம்ப்யூட்டர் எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். ஒரு பட்டுக்கடைக்கு வசந்தி வெப்சைட் செய்துகொண்டிருந்தாள். முகூர்த்தப் புடவைப் பக்கத்தில் கறுப்பு தெரியவே கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜெக்வெரின்னு ஒண்ணு இருக்குதும்மா. பேஜ்ல இருக்கிற புடவை எல்லாத்தையும் ஒரே வரியில பிடிச்சிடும். அதுல கறுப்பை மட்டும் ஃபில்டர் பண்ணி மறைச்சிட்டா வேலை முடிஞ்சுது."

சொல்லிக்கொண்டே கடையின் சைட்டில் ஏற்றிவிட்டாள். பக்கம் வெள்ளையாகி, மறுபடி வந்தது...

அரக்கு இல்லை. மாம்பழ மஞ்சள் இல்லை. கிளிப்பச்சை இல்லை. கறுப்பு மட்டும் வரிசையாக நின்றது.

"அம்மா... கறுப்பு இல்லாததை எல்லாம் பிடிச்சு மறைச்சிட்டேன்."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

உடனே முதலாளியின் போன். அவர் குரல் எனக்கே கேட்டது. "பொண்ணு வீட்டுக்காரங்க வந்துக்கினு இருக்காங்கம்மா. கம்ப்யூட்டர்லதான் காட்டப் போறேன்."

நான் பூவைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் கறுப்பு பட்டால் எழுந்தே போய்விடுவார்கள். வேலை போனாலும் பரவாயில்லை. ராசியில்லாத பெண் என்று பேச்சு கிளம்பினால்? அப்போதுதான் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜெனரேட்டர் உள்ள பிரௌசிங் சென்டருக்கு அவள் சைக்கிளை எடுத்தாள். நான் கேரியரில் ஏறிக்கொண்டேன்.

"வேகமா மிதிடி."

"உன்ன வச்சிக்கினு எப்படிம்மா வேகமா மிதிக்கிறது?"

அங்கே ஒரே ஒரு வார்த்தையை மாற்றினாள். பக்கம் மறுபடி வெள்ளையானது... நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறம்மா."

முதலில் அரக்கு வந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. பெண் வீட்டார் வழியில் காபி குடிக்க நின்றுவிட்டார்களாம், நல்லவேளை.

இப்போது போனைத் தொட்டாலே எல்லாம் வந்துவிடுகிறது. ஆனாலும் வசந்தி, நீ போட்டோ போடுகிற பக்கத்தைத் திறக்கும்போது ஒரு நொடி வெள்ளையாக நிற்கிறதே... அந்தப் பிரௌசிங் சென்டர்தான் ஞாபகம் வருகிறது. நீ அங்கே, நான் இங்கே.

தீபாவளிக்குக் கறுப்புப் பட்டு எடுத்தேன் என்றாயே. அதையே கட்டிக்கொண்டு ஒரு புது போட்டோ போடும்மா. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் காத்திருப்பேன். திறக்கும்போது நீ தெரிய வேண்டும்.