சொல்தாவுக்குப் பிடித்த காப்பி

என் வீட்டுக்காரரின் அக்கா பிரான்சில் இருக்கிறார். போன வருஷம் லீவுக்கு வந்தபோது எங்களுக்கு ஒரு பெர்க்கொலேட்டர் கொண்டுவந்தார். உயரமான கூஜா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு குழாய், அதன் தலையில் துளை போட்ட சின்னக் கிண்ணம், மூடியில் ஒரு கண்ணாடிக் குமிழ். அடியில் கொதிக்கிற தண்ணீர் குழாய் வழியாக ஏறி, கிண்ணத்துத் தூள்மேல் விழுந்து, கீழே இறங்கி, மறுபடி ஏறும். ஏறி அடிப்பது குமிழில் தெரியும். அக்கா ஒரே ஒரு தடவை செய்து காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தக் குமிழில் மயங்கிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் வந்த மனிதர், விடிந்ததும் அடுப்புக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தார். “பாரு, பாரு, நெறம் மாறுது!” என்பார். நான் வேலைக்குக் காலாப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள். பக்கத்து அடுப்பில் பால் காய்ச்சி, பில்டர் டிகாஷனைக் கலந்து குடித்துவிட்டு ஓடுவேன்.

அவர் போட்ட காப்பி எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தூள் மாவு போல நைஸாக இருக்கும். போதாததற்குச் சிக்கரி. அந்தக் கிண்ணத்துத் துளைகளில் பாதித் தூள் இறங்கிவிடும். குமிழைப் பார்க்கும் ஆசையில் இவர் அடுப்பையும் அணைக்க மாட்டார். டம்ளர் அடியில் சேறு நிற்கும்.

“ஏங்க, ஒரே மண்டியா இருக்கே?”

“பிரெஞ்சுக் காப்பின்னா அப்படித்தான் இருக்கும். ஒனக்குப் பழக்கமில்ல.”

அவரும் பிரான்சுக்குப் போனதில்லை.

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். அன்பியம் என்று பெயர். எங்கள் முறை வந்தபோது, “இன்னிக்கி எல்லாருக்கும் என் காப்பிதான்” என்றார் இவர். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செபம் தொடங்கும் நேரத்தில் அடுப்பில் ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து முழந்தாளிட்டார்.

செபத்தை நடத்தியது தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள். நிறுத்தி நிதானமாகச் சொல்கிறவர். செபமாலையில் பத்துப் பத்தாக ஐம்பது மணி. மூன்றாவது பத்து போகும்போது சமையலறையிலிருந்து ‘குபுக்... குபுக்...’ என்று கேட்டது. அம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தார், நிறுத்தவில்லை. நான்காவதில் அது ‘குபுகுபு’ ஆனது. எங்களுக்குத் தெரியாமலே எல்லோர் வாயும் அந்தத் தாளத்துக்குப் போய்விட்டது. ஐந்தாவது பத்தை பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடி முடித்தோம். கடைசி ஆமென் சொன்னதும் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

“இன்னாம்மா சத்தம் அது? மோட்டார் போட்டுருக்கியா?”

“காப்பிங்க” என்றேன்.

இவர் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தார். ஒரு வாய் குடித்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. அவ்வளவு அமைதி செபத்தின்போதுகூட இல்லை. தையல் கடை அம்மாள் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, தனக்குச் சர்க்கரை ஆகாது என்றார். காப்பியில் சர்க்கரையே போட்டிருக்கவில்லை. இவர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல்: “இன்னும் கொஞ்சம் இருக்குதா?”

கேட்டவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிற பெரியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவருடைய டம்ளரில் சேறுகூட மிச்சமில்லை.

“பட்டாளத்துல அண்டாவுல போட்டுக் குடுப்பானுங்க. அச்சு அசல் இதே ருசி. அதுக்கப்புறம் இன்னிக்கித்தான் குடிக்கிறேன். மெர்சி, தம்பி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். கண் கலங்கியிருந்தது. இவருக்கும்தான்.

மறுநாளிலிருந்து சொல்தா தினம் சாயங்காலம் வர ஆரம்பித்தார். இருவரும் அடுப்புக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டுக் குமிழைப் பார்ப்பார்கள். நான் ராத்திரிச் சமையலுக்கு அவர்கள் எழுந்திருக்கும்வரை காத்திருப்பேன்.

ஒருமுறை இவர் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். சொல்தாவை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று, காப்பித்தூள் கடைக்குப் போய், சிக்கரி இல்லாமல் ரவை மாதிரி அரைத்துத் தரச் சொன்னேன்.

“உப்புமாவுக்காம்மா?” என்றார் கடைக்காரர்.

அளவாகத் தண்ணீர், சின்னத் தீ, நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். தெளிவாக, மணமாக வந்தது. நானே ஒரு டம்ளர் குடித்தேன். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நன்றாக இருந்தது.

சொல்தா ஒரு வாய் குடித்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் அடியைப் பார்த்தார்.

“ரொம்ப சுத்தமா இருக்குதே” என்றார் வருத்தமாக. “தம்பி எப்ப வராரு?”